மச்சானுக்கு 20 சதவீதம், எனக்குத் தள்ளுபடி: நடுவர் இஷ்டம்தான் சட்டமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். சேலம் பனங்காட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர் வியாபாரி ஒருவருக்கு 10 கிலோ கொலுசு கொடுத்தேன். அதற்கு அவர் தந்த 8,40,000 ரூபாய் செக், கணக்கில் பணம் இல்லையென்று திரும்பிவிட்டது. நோட்டீஸ் அனுப்பினால், "80 டச் (நூற்றுக்கு 80 பங்கு சுத்த வெள்ளி) என்று பேசிவிட்டு 72 டச் சரக்கைக் கொடுத்தார், செக்கும் செக்யூரிட்டிக்காகக் கொடுத்ததுதான்" என்று பதில் நோட்டீஸ் விட்டார். 2025-ல் செக் திரும்பியதற்கான 138-வது பிரிவில் கேஸ் போட்டேன். கோர்ட்டில் அவர் குற்றத்தை மறுத்ததும், 20 சதவீதம் இடைக்கால இழப்பீடு கேட்டு மனுப் போட்டோம். "இருதரப்பும் கேட்கப்பட்டது. வழக்கின் தன்மையைக் கருதி மனு தள்ளுபடி செய்யப்படுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். என் மச்சானின் செக் கேஸில் வேறொரு நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) முழு 20 சதவீதமும் கொடுக்கச் சொன்னார். ஒரே சட்டம், ஒரே ஊர், எப்படி இரண்டு நியாயம்? ஹைகோர்ட்டுக்குப் போகலாமா? இன்னொன்று: ஏற்காட்டில் காபி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் மாமனாரின் நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்கவும் காரணமே சொல்லாமல் மறுத்துவிட்டார்கள். காட்டெருமை தினமும் தோட்டத்துக்குள் வருகிறது. நாற்காலியில் இருப்பவர் இஷ்டம்தான் சட்டமா?

பதில்: இஷ்டம் இல்லை. ஆனால் மச்சானுக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைத்தே தீர வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை.

நீங்கள் மனுப் போட்டது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 143ஏ பிரிவில். 2018 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குற்றத்தை மறுத்த பிறகு, செக் தொகையில் 20 சதவீதத்துக்கு மிகாமல் இடைக்கால இழப்பீடு கொடுக்க நடுவர் உத்தரவிடலாம். "உத்தரவிடலாம்" என்பதை "உத்தரவிட்டே ஆக வேண்டும்" என்று படித்துக்கொண்டு, மனுப் போட்டாலே 20 சதவீதம் என்று சில காலம் பல ஊர்களில் நடந்தது. 2024 மார்ச்சில் நீதிபதி அபய் எஸ். ஓகா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கொடுப்பதும் மறுப்பதும் நடுவரின் விருப்புரிமை என்றது. கூடவே அந்த விருப்புரிமைக்கு வேலியும் போட்டது. புகாரில் மேலோட்டமாகவாவது சத்து இருக்கிறதா, எதிரி சொல்லும் சமாதானம் நம்பும்படி இருக்கிறதா, அவருடைய பணநிலை என்ன, இருவருக்கும் இடையே என்ன மாதிரி கொடுக்கல் வாங்கல் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். செக்கில் கையெழுத்து இருக்கிறது, செக் கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்ற 139-வது பிரிவின் அனுமானம் எனக்குச் சாதகம் என்பது மட்டும் போதாது. கொடுத்தாலும் மறுத்தாலும் சுருக்கமாகவாவது காரணம் எழுத வேண்டும்.

உங்கள் உத்தரவு தடுமாறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். "வழக்கின் தன்மையைக் கருதி" என்பது காரணம் ஆகாது; எந்த வழக்கின் தலையிலும் அதை எழுதலாம். அதனால் அந்த உத்தரவில் குறை இருக்கிறது என்ற உங்கள் எண்ணம் சரி.

ஆனால் குறை இருப்பதாலேயே 1,68,000 ரூபாய் கைக்கு வந்துவிடாது. விருப்புரிமையை நடுவர் பயன்படுத்திய விதத்தில் தப்பு இருக்கிறதா என்றுதான் மேல்கோர்ட் பார்க்கும். தான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று பொதுவாகப் பார்க்காது. அதிகபட்சம், "காரணம் எழுதி மறுபடி முடிவு செய்" என்று அதே நடுவரிடம் திருப்பி அனுப்பும். திரும்பி வந்ததும் அவர் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பதில் நோட்டீஸைத்தான்.

அங்கேதான் எனக்குக் கவலை. 10 கிலோ, 80 டச் என்றால் அதில் சுத்த வெள்ளி 8 கிலோ. 72 டச் என்றால் 7 கிலோ 200 கிராம். 800 கிராம் வெள்ளி குறைகிறது என்கிறார் அந்த வியாபாரி. கேஸ் வந்த பிறகு ஜோடித்த கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. முதல் நோட்டீஸுக்கே இந்தப் பதிலைக் கொடுத்துவிட்டார். நம் சேலம் வெள்ளி வியாபாரம் நடக்கும் செவ்வாய்ப்பேட்டையில் டச் தகராறு வராத வருஷம் உண்டா, சொல்லுங்கள்! உருக்கிப் பார்த்த டெஸ்டிங் சீட்டும் அவர் கையில் இருந்தால், நம்பத்தக்க சமாதானம் என்று நடுவர் மறுக்கலாம், அதைக் காரணமாக எழுதியும் வைக்கலாம். அப்படி எழுதிவிட்டால் அதை அசைப்பது கடினம். உங்கள் மச்சானின் கேஸ் கட்டை நான் பார்க்கவில்லை. எதிரி பதில் நோட்டீஸே விடாமல் இருந்திருந்தால்கூட இந்த வித்தியாசம் வந்திருக்கும்.

"சரி, அவர் சொல்வது உண்மை என்றே வைத்தாலும் பத்தில் ஒரு பங்குதானே குறைகிறது, மீதிக்குக் கணக்குப் பார்த்து 10 சதவீதமாவது கொடுங்கள்" என்று கேட்கத் தோன்றும். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. 20 என்பது உச்சவரம்பு, நடுவர் 5-ம் போடலாம், 12-ம் போடலாம். ஆனாலும் உங்கள் வக்கீல் இந்த வாதத்தை மிகவும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். வங்கியில் போடும் நாளில் செக்கில் உள்ள தொகை உண்மையிலேயே வரவேண்டிய கடனாக இருக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பகுதிப் பணம் திருப்பிக் கொடுத்த கேஸ்தான், இருந்தாலும் டச் குறைவை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஒரு வரி பதிவாகிவிட்டால், "கடன் வேறு, செக் தொகை வேறு" என்று எதிர்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். 1,68,000-க்கு ஆசைப்பட்டு 8,40,000-ஐத் தள்ளாட விடக் கூடாது.

மேலே போவதென்றால் வழி உண்டு. செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு மனுப் போட 90 நாள் கெடு. இடைக்கால உத்தரவுக்குச் சீராய்வு கிடையாது என்ற ஆட்சேபணை அங்கே வரும். அதைத் தவிர்க்க, குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போவார்கள். என்னைக் கேட்டால் போக வேண்டாம் என்பேன். அங்கே செலவாகும் மாதங்களை இங்கே அஸ்தம்பட்டி கோர்ட்டில் சாட்சி விசாரணையை முடிக்கச் செலவிடுங்கள். தவிர, இடைக்கால இழப்பீடு வாங்கிய பிறகு எதிரி விடுதலையானால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தில் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். எதிரி 20 சதவீதம் கட்டவில்லை என்பதற்காக அவருடைய குறுக்கு விசாரணை உரிமையைப் பறிக்க முடியாது என்றும் 2022-ல் தீர்ப்பு வந்துவிட்டது. அதாவது அந்த உத்தரவு கிடைத்திருந்தாலும் கேஸ் அதே வேகத்தில்தான் நகரும்.

உங்களுக்குப் பெரிய பலன் கடைசியில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். எவ்வளவு என்பது நடுவர் கையில். ஆனால் சிறையில் தள்ளுவதைவிடப் பணம் இழந்தவருக்கு ஈடு செய்வதே இந்தப் பிரிவின் நோக்கம் என்றும், செக் தொகையோடு ஆண்டுக்கு 9 சதவீத வட்டியும் சேரும்படி இழப்பீடு கொடுப்பது நியாயம் என்றும் 2011-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. தண்டனையை எதிர்த்து அவர் அப்பீல் போனால் 148-வது பிரிவு வரும். விசாரணை நீதிமன்றம் போட்ட தொகையில் குறைந்தது 20 சதவீதத்தை டெபாசிட் செய்யச் சொல்லலாம் என்கிறது அது. இதுவும் "சொல்லலாம்"தான். ஆனால் இங்கே டெபாசிட்தான் விதி, விலக்கு வேண்டுமானால் அதற்கு விசேஷக் காரணம் வேண்டும் என்று 2019-லும் 2023-லும் வந்த தீர்ப்புகள் சொல்கின்றன. குற்றவாளி என்று ஒரு கோர்ட் சொல்லிவிட்ட பிறகு விருப்புரிமை அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இப்போது நீங்கள் இருக்கும் கட்டத்தில் அவர் குற்றவாளியா என்றே தெரியாது. அதனால்தான் நடுவருக்கு இவ்வளவு இடம்.

எனவே இப்போது சேர்க்க வேண்டியவை: சரக்குப் போன அன்றைய பில், டெலிவரி சலான், டச் பற்றி வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்தச் செய்திகள், அதே லாட்டில் மீதி கொலுசு இருந்தால் அதன் டெஸ்டிங் சீட்டு. சரக்கு வாங்கி எத்தனை நாள் கழித்து டச் குறை சொன்னார் என்பதும் முக்கியம். செக் திரும்பும் வரை வாய் திறக்கவில்லை என்றால், குறுக்கு விசாரணையில் அதை வைத்து உங்கள் வக்கீல் அவரை நன்றாகவே மடக்கலாம்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். ஆயுதச் சட்டம் 1959-ன் 14(3) பிரிவு, லைசென்ஸ் மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் சுருக்கமாகத் தர வேண்டும் என்கிறது. பொது நலனுக்கு ஆகாது என்று அதிகாரி கருதினால் மட்டும் தராமல் இருக்கலாம். புதுப்பிப்புக்கும் இதே விதிதான். முதலில் பதிவுத் தபாலில் காரணம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு 18-வது பிரிவில் அப்பீல். பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே வைத்திருக்கும், குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி என்றால் 13(3) பிரிவு அவருக்குச் சாதகம். அங்கே சட்டம் "கொடுக்கலாம்" என்று நிற்காமல் "கொடுக்க வேண்டும்" என்றே பேசுகிறது. பொது அமைதிக்குப் பங்கம் என்பது போன்ற மறுப்புக் காரணங்கள் இருந்தால்தான் அது மாறும். சொத்து போதாது என்பதை மட்டும் காரணமாக வைத்தும் மறுக்க முடியாது.

ஒன்றை மட்டும் மாமனாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்பீல் மனுவில் காட்டெருமையைப் பற்றி எழுதும்போது கவனம் வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணை விலங்கு, அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ளது. அதைச் சுடத்தான் துப்பாக்கி என்ற பொருள் வரும்படி ஒரு வரி இருந்தாலும், மறுப்பதற்கான காரணத்தை அவரே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். காட்டெருமை செய்யும் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டுத் தனியாக மனுக் கொடுக்கட்டும்.