வாசகர் கேள்வி – பதில்: 41அ உறுப்புரை படும் பாடு

கேள்வி (வெள்ளவத்தை வாசகி ஒருவர்): உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் என் மகளிடம் இலங்கை அரசியலமைப்பின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. 41அ உறுப்புரையில் பழைய பிரதி ‘பாராளுமன்றப் பேரவை’ என்கிறது. புதியது ‘அரசியலமைப்புப் பேரவை’ என்கிறது. இது அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை, அம்மா. இரண்டும் அச்சான காலத்தில் சரியாகவே இருந்தன. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி நடைமுறைக்கு வந்த மூல அரசியலமைப்பில் 41அ என்றொரு உறுப்புரையே இல்லை. இலக்கத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘அ’ என்ற எழுத்தே, இது பின்னர் செருகப்பட்டது என்பதற்கான அடையாளம். 2001இல் 17ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை அங்கே அமர்த்தியது. உயர் பதவிகளுக்கும் சுயாதீன ஆணைக்குழுக்களுக்கும் ஆட்களை நியமிப்பதில் ஜனாதிபதியின் தனி விருப்பத்துக்குக் கடிவாளம் இடுவதே அதன் நோக்கம். 2010இல் 18ஆம் திருத்தம் அதை அகற்றிவிட்டு, கருத்துரைக்க மட்டுமே அதிகாரம் பெற்ற ஐவர் கொண்ட பாராளுமன்றப் பேரவையை வைத்தது. 2015இல் 19ஆம் திருத்தம் பழையதை மீட்டது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் பாராளுமன்றப் பேரவையைக் கொண்டுவந்தது. 2022இல் 21ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைத் திருப்பி அழைத்தது. (பாராளுமன்றத்துக்கு வந்தபோது அந்தச் சட்டமூலத்தின் பெயர் 22ஆவது திருத்தம் என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள், இலக்கங்களில் தடுமாறுவது அவர் மட்டுமல்லர்.)

இவ்வளவு எளிதில் இது ஆடுவதற்குக் காரணம் ஓர் எண்: 150. அரசியலமைப்பைத் திருத்த, வருகை தராதவர்களையும் சேர்த்துக் கணக்கிடப்படும் பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினர் 225 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் போதும். 20ஆம் திருத்தத்துக்கு 156 வாக்குகளும், அதைப் பெருமளவில் மாற்றியமைத்த 21ஆம் திருத்தத்துக்கு 179 வாக்குகளும் ஒரே பாராளுமன்றத்தில், இரண்டே ஆண்டு இடைவெளியில் கிடைத்தன. மாற்றம் எளிதாக இருப்பதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆளுக்கேற்பத் தைக்கப்படும் சட்டையாக அரசியலமைப்பு ஆகிவிடுவது கவலைக்குரியது.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): அப்படியானால் மக்களைக் கேட்பது எப்போது?

பதில்: 83ஆம் உறுப்புரை சில ஏற்பாடுகளுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, பௌத்தத்துக்குரிய முதன்மை இடம், சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதைத் தடை முதலியவற்றைத் தொட வேண்டுமாயின் மூன்றில் இரண்டு பங்கோடு சர்வசன வாக்கெடுப்பும் தேவை. ஒரு சட்டமூலம் இந்தப் பூட்டைத் தொடுகிறதா என்பதை உயர் நீதிமன்றம் முன்கூட்டியே தீர்மானிக்கும். அதற்காக எந்தக் குடிமகனும் மனுத் தாக்கல் செய்யலாம். ஆனால் சட்டமூலம் பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பின்னர் குறித்த சில நாள்களுக்குள் செய்துவிட வேண்டும். சபாநாயகர் சான்றுரைப்படுத்தியபின் எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடித்தன்மையைக் கேள்விக்குட்படுத்த முடியாது. 2015இலும் 2020இலும் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய வாசகங்களை அரசாங்கங்கள் குழுநிலையில் திருத்திக்கொண்டு, சர்வசன வாக்கெடுப்பைத் தவிர்த்தன. நாடு தழுவிய சர்வசன வாக்கெடுப்பு ஒரே ஒரு முறைதான் நடந்தது: 1982 டிசம்பர் 22இல், 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி நீடிக்கலாமா என்று கேட்கப்பட்டது. ‘ஆம்’ என்பதற்கு விளக்குச் சின்னம், ‘இல்லை’ என்பதற்குக் குடம். ஏறத்தாழ 55 வீத வாக்குகளோடு விளக்கு வென்றது. மக்களைக் கேட்ட அந்த ஒரு சந்தர்ப்பமும் தேர்தலைத் தள்ளிப்போடவே பயன்பட்டது.

கேள்வி (தெகிவளை வாசகர்): 1987இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது என்கிறார்கள். கருமபீடத்தில் அது தெரியவில்லையே?

பதில்: உண்மைதான். 13ஆம் திருத்தம் 18ஆம் உறுப்புரையில் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றங்களிலும் அதன் பயன்பாட்டை விரித்தது. அண்மையில் கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்டேன். இழுப்பறையைத் திறந்து பார்த்த உத்தியோகத்தர், “முடிந்துவிட்டது ஐயா” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, சிங்களப் படிவத்தின் மேல் பேனாவை வைத்து நீட்டினார். மரியாதையில் குறையே இல்லை, படிவம்தான் இல்லை. எழுத்து மாற 150 கைகள் போதும், இழுப்பறை மாற அவை போதவில்லை.

இத்தகைய வேளைகளில் படிவத்தின் பிரதி, சென்ற திகதி, கிடைத்த பதில் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளைப் போலவே மொழி உரிமை மீறலுக்கும் உயர் நீதிமன்றத்தை நாட இடமளிக்கிறது. அதற்குரிய காலம் ஒரு மாதம் மாத்திரமே. ஆகவே சட்டத்தரணி ஒருவரைச் சந்திப்பதை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்க வேண்டாம்.