சுற்றுச்சூழல் பொறியியலைக் கல்லூரியில் கற்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

புதிதாக விரிவுரையாளர் பணியில் சேர்ந்திருப்பதாகவும், பாடத்திட்டம் பெரிது, நேரம் குறைவு, எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். என்னைக் கேட்டால், பி.ஓ.டி. பாட்டிலிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதே பி.ஓ.டி.; நீரைப் பாட்டிலில் ஐந்து நாள் அடைத்துவைத்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து அளப்போம்.

நானும் முதலில் அப்படிச் செய்யவில்லை. வரையறை, சூத்திரம், தீர்த்த கணக்கு என்று வரிசையாக நடத்தினேன். மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு ஒருநாள் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தன் ஆய்வறிக்கையைக் கொண்டுவந்தார். சுத்திகரிக்காத கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்று அதில் எழுதியிருந்தார். அதனால் இந்த நீரை அப்படியே ஆற்றில் விடலாம் என்றும் முடிவு சொல்லியிருந்தார். வகுப்பில் முதல் வரிசை மாணவர் அவர். தவறு என்னுடையது.

நடந்தது இதுதான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். வீட்டுக் கழிவுநீர் கேட்பதோ 200 மில்லிகிராம் அளவுக்கு. தூய நீர் கலந்து நீர்க்காமல் பாட்டிலில் அடைத்தால், நுண்ணுயிரிகள் இருந்த ஆக்சிஜன் முழுவதையும் விரைவிலேயே தீர்த்துவிடும். மீதி நாட்களில் எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது. ஐந்தாம் நாள் கருவி பூஜ்யம் காட்டும். ஒன்பதிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் ஒன்பது. கழித்தலில் பிழையே இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே இதைச் செய்யவைக்கிறேன். ஒரே கழிவுநீரை ஒரு குழு நீர்க்காமலும், மற்றக் குழுக்கள் கழிவுநீர் 1, 2, 5 சதவீதம் மட்டும் இருக்கும்படி நீர்த்தும் பாட்டிலில் அடைக்கும். எது சரி என்று முன்கூட்டியே சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லிவிடாதீர்கள். ஐந்து நாள் கழித்துக் கரும்பலகையில் ஒருவர் 9 என்று எழுதுவார், இன்னொருவர் குறைந்த ஆக்சிஜனை நீர்த்த மடங்கால் பெருக்கி 200 என்று எழுதுவார். ஒரே வாளியிலிருந்து எடுத்த நீர்! அப்போது வகுப்பில் எழும் வாக்குவாதம் எந்த விரிவுரையையும்விட மேலானது. குறைந்தது 2 மில்லிகிராம் ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும், குறைந்தது 1 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்ற விதியை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது. 5 சதவீதப் பாட்டில் ஏன் தோற்றது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்: 200-இல் 5 சதவீதம் 10, பாட்டிலில் இருப்பதோ 9. (கையுறை கட்டாயம். இதில் சலுகை காட்டாதீர்கள்.)

அடுத்த வகுப்பில் நிறைச் சமநிலையை எடுங்கள், அதாவது கலக்கும் நீர்கள் கொண்டுவரும் கழிவைக் கூட்டி மொத்த நீரால் வகுக்கும் கணக்கை. வெளியேற்றும் நீரின் பி.ஓ.டி. 20-ஐத் தாண்டக்கூடாது என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கழிவுநீர் அகற்றலுக்கான பிரிட்டிஷ் அரச ஆணையம் 1912-இல் தன் எட்டாவது அறிக்கையில் சொன்ன எண் அது. ஆற்று நீரில் ஏற்கெனவே 2 இருக்கும், கலந்த பிறகு 4-ஐத் தாண்டக்கூடாது, ஒரு பங்கு கழிவுநீரை எட்டுப் பங்கு ஆற்று நீர் நீர்க்கும் என்று வைத்துக்கொண்டால், எட்டு இரண்டு பதினாறு, அதோடு 20, மொத்தம் 36, ஒன்பதால் வகுத்தால் 4. இதைக் கரும்பலகையில் போட இரண்டு நிமிடம் போதும். பிறகு, வறண்டு இரண்டு மடங்கு மட்டுமே நீர்க்கும் ஆற்றில் என்ன ஆகும் என்று கேளுங்கள். அதே 20-ஐ விட்டால் 8 வந்து நிற்கும். விடை கண்டதும் மாணவர்களின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே நான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன்.

தொட்டி வடிவமைப்பு, மென்பொருள், சட்டவிதிகள் எல்லாம் இதற்குப் பிறகு வேகமாக நகரும். பாடநூலே போதும்.

மதிப்பெண் பற்றியும் ஒரு சொல். ஆய்வகக் குறிப்பேட்டில் விடை புத்தகத்தோடு ஒத்துப்போனதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை. வராத விடைக்குக் காரணம் தேடியவர்களுக்குத் தருகிறேன். அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகுதான் அளவீடுகளைத் திருத்தி எழுதும் பழக்கம் குறைந்தது.

சோதனை தொடங்கும் கிழமையை மட்டும் முன்பே யோசித்துவையுங்கள். திங்களில் அடைத்தால் அளவெடுக்கும் நாள் சனிக்கிழமையில் விழும். நான் வியாழனில் அடைக்கிறேன், செவ்வாயன்று எல்லாரும் வகுப்பில் இருப்பார்கள்.