பழைய செயின்சோ: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, பாவித்த பெரிய செயின்சோ ஒன்றை வாங்கினேன். காலையில் இரண்டு மூன்று இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. பத்து நிமிடம் மரம் அரிந்ததும் தானாக நின்றுவிடுகிறது. பிறகு ஆறும் வரை எத்தனை தரம் இழுத்தாலும் எடுபடுவதில்லை. பிளக் மாற்றியாயிற்று, காபரேட்டரும் கழுவியாயிற்று. இனி எதை மாற்றுவது?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். சூடானதும் நிற்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே உண்டு. மெசின் நின்ற அந்த நிமிடத்திலேயே, அது ஆறுவதற்கு முன்பே பார்த்தால்தான் அவற்றுள் எது என்று தெரியும். நமது பகுதியில் பலரும் மெசினை ஆறவைத்த பின்னரே கராச்சுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அது ஒழுங்காக ஓடிக் காட்டிவிடுவதால் திருத்துபவரும் ஊகத்தில் ஏதோ ஒன்றை மாற்றிவிடுகிறார்.

நின்றவுடன், சூடான சைலன்சரில் பெற்றோல் சிந்தாதபடி மெசினை நிமிர்த்தி வைத்து, தாங்கியின் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். உள்ளே காற்று இழுபடும் சத்தம் கேட்டு, அதன்பின் மெசின் எடுபட்டால், தாங்கிக்குக் காற்று விடும் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். அதைச் சுத்தம் செய்வதற்குச் செலவே இல்லை. சத்தம் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி, வயரோடு பொருத்தி, அதன் உலோகப் பகுதி சிலிண்டரைத் தொடும்படி பிளக் துவாரத்திலிருந்து விலக்கிப் பிடித்து, கயிற்றை இழுத்துப் பாருங்கள். துவாரத்திலிருந்து வெளிவரும் பெற்றோல் ஆவி தீப்பற்றக்கூடும் என்பதால்தான் விலக்கிப் பிடிக்கச் சொல்கிறேன். ஆறியிருக்கும்போது நீலமாகத் தெறித்த பொறி சூட்டில் மங்கினால் அல்லது காணாமற்போனால் குற்றவாளி, பொறிக்கு மின்சாரம் தரும் கொயில்தான். சுருளின் காப்பு வெப்பத்தில் விட்டுவிடுகிறது. இன்றும் நம்மிடையே ஓடும், ஏறத்தாழ 106 சிசி கொண்ட ஸ்டீல் (Stihl) கம்பனியின் 070 வகையில் முற்பட்டவை, பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் பொயின்ட் வைத்தவை. அப்படியான மெசின்களில் கொயிலுக்கு முன் கண்டென்சரைச் சந்தேகியுங்கள், பொயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதுக் கொயில் பூட்டும்போது அதற்கும் ஃபிளைவீலுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட்டை வைத்து இறுக்கினால் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளி சரியாக அமையும்.

பொறி நன்றாக இருக்கிறது, ஆனால் சூட்டில் கயிறு வழக்கத்தைவிட இலேசாக வருகிறது என்றால், அது மூன்றாவது காரணம்: பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டது. சைலன்சரைக் கழற்றி டோர்ச் அடித்து, புகை வெளியேறும் வழியால் பிஸ்டனின் முகத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய கிடைக்கோடுகள் தெரிந்தால் பிஸ்டன் நலமாக இருக்கிறது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் இறங்கி, அலுமினியம் இழுபட்டுப் பூசியதுபோல் மினுங்கினால், அந்த எஞ்சின் ஒரு முறையாவது வரட்சியில் இறுகியிருக்கிறது. அப்போது பிஸ்டனை மட்டும் மாற்றிப் பூட்டினால் அதுவும் அதே வழியில் போய்விடும். ஏன் என்பதற்கு அடுத்த கேள்வியே பதில்.

கேள்வி: அக்சிலேற்றரை விட்டாலும் வேகம் உடனே இறங்குவதில்லை, சங்கிலியும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திருத்துபவர் காபரேட்டரின் திருகாணிகளைத் திருகித் திருகிப் பார்க்கிறார். ஒரு நாள் நன்றாக ஓடும், மறுநாள் பழையபடிதான்.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அந்த மெசினால் இன்றே வேலையை நிறுத்துங்கள். கையை விட்டபின்னும் சங்கிலி சுற்றும் செயின்சோ ஆளை வெட்டும். அதோடு, நீங்கள் சொல்லும் அறிகுறி, தன்னைத்தானே அழித்துக்கொண்டிருக்கும் ஓர் எஞ்சினின் அறிகுறி.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஒயில் தொட்டி கிடையாது. பெற்றோலோடு கலந்து வருகிற ஒயிலே பிஸ்டனுக்கும் பெயாரிங்குக்கும் உயிர். எங்கேயோ ஒரு வெடிப்பால் மேலதிகக் காற்று உள்ளே போனால், கலவையில் பெற்றோலின் பங்கு குறைகிறது, அதோடு ஒயிலின் பங்கும் குறைகிறது, எஞ்சின் தறிகெட்டு வேகமாக ஓடிச் சூடேறிக் கடைசியில் இறுகிவிடுகிறது. திருகாணியைத் திறந்து பெற்றோலைக் கூட்டுவது அந்த நோயை மறைக்குமே தவிர மாற்றாது. பழைய மெசின் எதுவானாலும், காபரேட்டரில் கைவைப்பதற்கு முன் காற்றுக் கசிவைத் தேடுங்கள்.

தேடவேண்டிய இடங்கள் சிலவே. காபரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இறப்பரை வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய்திறக்கும், நேராக வைத்துப் பார்த்தால் நல்லதுபோலவே தோன்றும். அடுத்து கிராங்கின் இரு பக்கத்து ஒயில் சீல்கள். நிச்சயமாக அறிய ஒரு வழி உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் கைப்பந்தும் அளவியும் இருந்தால் போதும். சைலன்சர் வாயை இறப்பர் துண்டால் மூடி இறுக்குங்கள். காபரேட்டர் இருந்த இடத்தில் குழாய் பொருத்திய தகடொன்றைப் பூட்டி, பிளக் இருக்க, பிஸ்டனை மேலே நிறுத்தி, அளவியில் 300 வரும்வரை காற்றடியுங்கள். முள் அசையாமல் நிற்கவேண்டும். இறங்கினால் சவர்க்கார நுரையைச் சீல்களிலும் இணைப்புகளிலும் பூசுங்கள், கசியும் இடத்தில் குமிழி எழும். அந்தச் சீலை மாற்றி, இறப்பரையும் மாற்றிய பிறகு திருகாணிகளைத் தொடலாம்: பெற்றோல் அளவை மாற்றும் இரண்டையும் மெதுவாக மூடி, ஒரு சுற்றுத் திறந்து தொடங்குங்கள். வேகம் சரியாக இறங்கியும் சங்கிலி சுற்றினால் கிளச்சின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதைக் கழற்றும்போது பெரும்பாலான மெசின்களில் இடப்பக்க மரை என்பதை மறவாதீர்கள். வலப்பக்க மரையென்று நினைத்து அடித்துத் திருகி உடைத்த கிளச்சுகள் அநேகம்.

கேள்வி: ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஒயில்? படகு எஞ்சினுக்கு விடும் ஒயிலை ஊற்றலாமா?
– வாசகர், வாகரை

பதில்: ஊற்றவேண்டாம். படகு எஞ்சின் ஒயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு உரியது, செயின்சோ காற்றால் குளிர்வதால் அதைவிட அதிக சூட்டில் ஓடுகிறது. காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கென்று எழுதப்பட்ட தரமான டூ ஸ்ட்ரோக் ஒயில் என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், சாதாரண ஒயில் என்றால் 40. மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் பிஸ்டனுக்கு நஞ்சு. மாரி தொடங்கி மரங்கள் விழும்போது மட்டும் மெசினை எடுப்பவர்கள், வைக்கும் முன் தாங்கியைக் காலியாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பழைய கலவை தங்கிய காபரேட்டரின் டயஃபிரம் காய்ந்த சருகுபோல் விறைத்துப்போகும், பிறகு அது பெற்றோலை இழுக்காது.

கேள்வி: புதிதாக அராவிய சங்கிலியும் நேராக வெட்டாமல் வளைந்து போகிறது.
– வாசகர், வெல்லாவெளி

பதில்: ஒரு பக்கத்துப் பற்கள் மற்றப் பக்கத்தைவிடக் குட்டையாக இருக்கின்றன. வலக்கைக்கு வசதியான பக்கத்தை நாம் அறியாமலே அழுத்தி அராவிவிடுகிறோம். ஆகக் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாவற்றையும் அதன் நீளத்துக்கே கொண்டுவாருங்கள். 3/8 சங்கிலிக்கு 5.2 மில்லிமீற்றர் வட்ட அரம், .404 சங்கிலிக்கு 5.5. சாய்வு பொதுவாக 30 பாகை. பற்கள் சமமாகியும் வளைந்தால், சங்கிலி ஓடும் பாரின் இரு விளிம்புகளில் ஒன்று தேய்ந்திருக்கும். பாரை அடிக்கடி தலைகீழாக மாற்றிப் பூட்டினால் இந்தத் தேய்மானம் தாமதமாகும்.

வெட்டும்போது துருவல் வராமல் மாத்தூள் பறந்தால் பல் மழுங்கிவிட்டது. தென்னையும் பனையும் பல்லைச் சீக்கிரம் தின்னும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். வேலிக்கம்பியும் ஆணியும் மட்டுமன்றி, யுத்தகாலத்துச் சன்னங்களும் ஷெல் துண்டுகளும் முதிர்ந்த மரங்களுக்குள் மூடுண்டு கிடக்கின்றன. வெட்டுமுகத்தில் காரணமில்லாமல் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், அருகில் இரும்பு இருக்கக்கூடும். அந்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ ஒரு முழம் தள்ளி வெட்டைத் தொடங்குங்கள்.