கேள்வி பதில்: மேலே இருந்து பார்க்க வாரன்ட் வேண்டுமா?

கேள்வி: அமெரிக்க அரசாங்கம் தன் சொந்த மக்கள் தலைக்கு மேலேயே ட்ரோன் விட்டு வேவு பார்க்கலாமா? தட்டிக்கேட்க ஆளில்லையா?

பதில்: பார்க்கிறார்கள், அதை ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். 2013 ஜூனில் செனட் குழு கேட்டபோது, உள்நாட்டிலும் ட்ரோன் பயன்படுத்துகிறோம், ஆனால் ரொம்பக் குறைவாகத்தான் என்றார் அந்நாட்டு மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அன்றைய இயக்குநர் ராபர்ட் முல்லர். அதற்கான விதிகளை அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருந்தார்களாம். முதலில் பறக்கவிடுவோம், விதியை அப்புறம் எழுதிக்கொள்வோம்!

சிக்கல் என்னவென்றால், நீதிமன்றங்கள் கையில் இருப்பது ட்ரோனுக்கு முந்தைய தீர்ப்புகள். கலிஃபோர்னியாவில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் 10 அடி வேலிக்குள் கஞ்சா வளர்த்தார். போலீஸ் விமானத்தில் 1,000 அடி உயரத்தில் போய் வெறுங்கண்ணாலேயே பார்த்துவிட்டது. இதற்கு வாரன்ட், அதாவது சோதனை போட நீதிமன்றம் தரும் அனுமதி, தேவையில்லை என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில். 1989இல் 400 அடியில் பறந்த ஹெலிகாப்டருக்கும் கிட்டத்தட்ட அதே கதை. ஆனால் 2001இல், வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தைக் காட்டும் கருவிக்கு வாரன்ட் வேண்டும் என்றார்கள். ட்ரோனில் அந்தக் கேமராவையும் மாட்டலாமே, எந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று வக்கீல்கள் மல்லுக்கட்டத்தான் செய்வார்கள்.

கேள்வி: பதிவான படங்களை என்ன செய்வார்கள்?

பதில்: 2015இல் ஒபாமா போட்ட உத்தரவுப்படி, மத்திய அரசுத் துறைகள் தனிநபர் விவரங்களை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. விதிவிலக்குகளும் உண்டு, சரி, அங்கேதான் ஓட்டை. என்னைக் கேட்டால், 2013இலேயே போலீஸ் ட்ரோனுக்கு வாரன்ட் கட்டாயமாக்கிய ஃப்ளோரிடா மாகாணச் சட்டம் இதைவிட உருப்படியானது.