மாமியின் விடியற்காலைச் சமையல்

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பழைய டவுன்ஹவுஸில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி ஆகியோருடன் வசிக்கிறேன். காஸ் இணைப்பு இல்லை. வீட்டைச் சூடாக்குவதும் சமைப்பதும் மின்சாரத்தில்தான். நவம்பரில் கட்டணம் ஏறிய பின் ஹைட்ரோ (மின்சார) பில் 300 டொலரைத் தாண்டிவிட்டது. மாமி பகல் முழுவதும் வீட்டில் இருப்பதும், காலையில் இரண்டு மூன்று அடுப்புகளில் சமைப்பதுமே காரணம் என்று நினைக்கிறேன். முன்பு விடிய ஐந்து மணிக்கே சமைத்துவிடுவார். பிள்ளைகளின் நித்திரை குழம்புகிறது என்று நிறுத்திவிட்டோம். நள்ளிரவு மலிவுத் திட்டத்துக்கு மாறும்படி தோழி சொல்கிறாள். மாறலாமா? மாமியிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: சகோதரி, மாமியின் சமையலை நிறுத்தியதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஒன்ராறியோவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, வேலைநாட்களில் மாலை 7 மணியிலிருந்து காலை 7 மணி வரையும், வார இறுதிகளில் முழு நாளும் மின்சாரம் மலிவு. 2025 நவம்பர் முதல் யூனிட்டுக்கு 9.8 சதம். காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் 20.3 சதம், இடைப்பட்ட பகலில் 15.7 சதம். இந்த அட்டவணையை ஒருநாளும் பார்த்திராத உங்கள் மாமி, ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தினாலேயே மலிவான நேரத்தில் சமைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தடுத்து இரு மடங்கு விலையுள்ள நேரத்துக்குத் தள்ளியவர் நீங்கள். இப்போது பில்லைக் காட்டி அவரையே குற்றம் சொல்கிறீர்கள். இது நியாயமா?

அந்த அடுப்பால்தான் எவ்வளவு கூடியிருக்கும்? ஒரு காலைச் சமையலுக்கு இரண்டு யூனிட் என்று வைத்தால், நேரம் மாறியதால் ஏற்படும் வித்தியாசம் நாளுக்கு 21 சதம்; மாதத்துக்கு ஐந்து டொலர்கூட இல்லை. மேலும், யூனிட் விலை ஏறிய அதே நாளில் அரசின் தள்ளுபடியும் 13.1 சதவீதத்திலிருந்து 23.5 சதவீதமாகக் கூட்டப்பட்டது. ஆகவே விலையேற்றத்தை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. உங்கள் பணம் சுவரோரத்து பேஸ்போர்ட் ஹீட்டர்களில் போகிறது. மின்சாரத்தால் சூடாக்குகிறோம் என்று எழுதிய நீங்கள், அவற்றைக் காரணமாக நினைக்கவே இல்லை.

நீங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, மேல்மாடி அறைகளின் ஹீட்டர்களை யார் குறைக்கிறார்கள்? 1500 வாட் ஹீட்டர்கள் மூன்று, காலை 7 முதல் 11 வரை தொடர்ந்து ஓடினால் 18 யூனிட். ஆளில்லாத அறைகளுக்காக ஒரே காலையில் மூன்றரை டொலருக்கு மேல். ஒவ்வோர் அறைக்கும் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் தனித் திருகி இருக்கும். காலை 7 மணிக்கு முன்பே வீட்டை நன்றாகச் சூடாக்கிவிட்டு, புறப்படும்போது மேல்மாடியைக் குறைத்துவிட்டுப் போங்கள். ஹீட்டரை மறைக்கும் திரைச்சீலையையும் கட்டிலையும் விலக்குங்கள். உடுப்புத் துவைப்பதையும் காயவைப்பதையும் சனி, ஞாயிறுக்கு ஒதுக்குங்கள். ஆனால் மாமி இருக்கும் அறையிலும் அவர் நடமாடும் இடத்திலும் 21 பாகைக்குக் கீழே குறைக்கக் கூடாது. பெற்றவரைக் குளிரில் போர்வையோடு உட்காரவைத்து மிச்சம் பிடிக்கும் காசு எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

தோழி சொன்ன திட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அதில் இரவு 11 முதல் காலை 7 வரை 3.9 சதம் என்பது உண்மை. வேலைநாட்களில் மாலை 4 முதல் 9 வரை 39.1 சதம் என்பதும் உண்மை. பிள்ளைகள் பள்ளியால் வந்து, எல்லோரும் கூடியிருந்து, எல்லா ஹீட்டர்களும் ஓடும் நேரம் அதுதான். இரவில் மின்சாரக் கார் சார்ஜ் செய்பவர்களுக்கு அது இலாபம். அவசரப்பட்டு எதற்கும் மாறாமல், உங்கள் மீட்டர் எந்த மணியில் எவ்வளவு ஓடுகிறது என்பதை ஹைட்ரோ கணக்கில் பாருங்கள். ஒன்ராறியோ எரிசக்தி வாரியத்தின் இணையக் கணிப்பானில் திட்டங்களை ஒப்பிடுங்கள்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஒன்ராறியோ மின்சார ஆதரவுத் திட்டம் மாதாந்தம் பில்லில் கழிவு தருகிறது. வருமானத்தோடு வீட்டில் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். மின்சாரத்தால் சூடாக்கும் வீடுகளுக்குக் கழிவு கூட. தகுதி இருக்கிறதா என்று பார்க்கும்போது மாமியையும் சேர்த்து எண்ணுங்கள். நீங்கள் செலவுக் கணக்கில் எழுதிய அதே மனிதரால் உங்களுக்குக் கழிவு கிடைக்கவும் கூடும்.

மாமியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். சொல்வதற்கு எதுவுமில்லை, கேட்கத்தான் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கவும் வீட்டை நடத்தவும் அவரை அழைத்துவிட்டு, சமையலறையில் அவருக்கிருந்த ஒரே சுதந்திரத்தையும் பறித்துவிட்டீர்கள். இன்று மாலையே நீங்கள் நேரில் போய், மறுபடி விடியச் சமைக்கும்படி கேளுங்கள். கணவரைத் தூது அனுப்ப வேண்டாம். கிறைண்டரில் அரைக்க வேண்டியதை முதல்நாள் இரவு 7 மணிக்குப் பிறகு நீங்களே அரைத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள், நித்திரையும் குழம்பாது.