13 வயசு பையனுக்கு மீசை அரும்புது, ஷேவ் பண்ணா அடர்த்தியா வளந்துடுமா?

பையன் ரேசர் கேட்டு அடம் பிடிக்கறான், மாமியார் "கத்தி பட்டா காடு மாதிரி வளரும்"னு தடுக்கறாங்க, அக்குள் நாத்தம் வேற வருதுன்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல காடு மேட்டர். வளராதுங்க. முடியோட வேர் தோலுக்கு அடியில இருக்கு, பிளேடு வெட்றது வெளிய நீட்டிட்டு இருக்கறத மட்டும்தான், வேருக்கு மேல என்ன நடந்துச்சுன்னே தெரியாது. தானா வளர்ற முடிக்கு நுனி மெலிஞ்சிருக்கும், வெட்டினது மொட்டையா நிக்கும், அதான் தடவினா சொரசொரன்னு இருக்கு. மில்ட்ரெட் ட்ராட்டர்னு ஒரு அமெரிக்க உடற்கூறியல் அம்மா 1928லயே ஷேவ் பண்ண முடிய அளந்து பாத்து, தடிப்பும் மாறல வேகமும் மாறலன்னு எழுதிட்டாங்க. அந்த வயசுல ஹார்மோனால முடி எப்படியும் தடிக்கத்தான் செய்யும், பேர் பிளேடுக்குப் போயிடுது. மொட்டை அடிச்சா அடர்த்தியா வளரும்னா வருஷா வருஷம் திருப்பதி போற எங்க சித்தப்பாவுக்கு வழுக்கையே விழுந்திருக்கக் கூடாது.

ஆனா எப்படி ஷேவ் பண்றதுன்னு சொல்லிக் குடுங்க. எனக்கு யாரும் சொல்லல. பத்தாவது படிக்கும்போது பெரம்பூர்ல எங்க வீட்டு இருட்டு பாத்ரூம்ல, அப்பாவோட பழைய பிளேட எடுத்து குளிக்கற சோப்ப தேய்ச்சு கீழருந்து மேல இழுத்தேன், உதட்டுக்கு மேல கீறி ரத்தம், மறுநாள் ஸ்கூல்ல என்னடா பூனை பிராண்டிச்சான்னு ஒரே கிண்டல், அப்பா பாத்துட்டு பேப்பர் படிக்கற மாதிரி திரும்பிக்கிட்டார். அப்புறம் தெரு முனை சலூன் அண்ணன்தான் சொன்னார், குளிச்சுட்டு முடி ஊறினப்புறம் நுரை போட்டு, முடி சாஞ்சிருக்கற பக்கமே மெதுவா இழு, அழுத்தாதன்னு. இன்னிக்கும் அதான் எனக்கு.

அக்குள் விஷயம். அங்க இருக்கற ஒரு வகை வேர்வை சுரப்பி பருவத்துலதான் வேலையே ஆரம்பிக்கும். வேர்வை மட்டும் நாறாது, தோல்ல இருக்கற பாக்டீரியா அத சிதைக்கறப்பதான் நாறும். நம்மூர் மே மாசத்துல காலைல குளிச்சது மத்தியானம் வரைக்கும்கூட தாங்காது. ஸ்கூல் விட்டு வந்ததும் இன்னொரு குளியல், பனியன தினம் மாத்தறது, முடிய கத்திரியால குட்டையா வெட்டிக்கறது, இது போதும். பாடி ஸ்ப்ரேய அழுக்கு மேல அடிச்சா ரெண்டு நாத்தமும் சேர்ந்து வரும், பஸ்ல பக்கத்துல நிக்கறவன்தான் பாவம்.

கீழ வளர்ற முடிய எடுத்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல, அது அழுக்கு கிடையாது, உரசல தடுக்கத்தான் இருக்கு. தொந்தரவா இருந்தா ட்ரிம் போதும். ஒட்ட வழிச்சா முடி உள்ளயே சுருண்டு கொப்புளம் வரும். முடி எடுக்கற க்ரீம் முடியோட புரதத்தையே கரைக்கறது, அந்த மெல்லிசு தோல்ல போட்டா எரிஞ்சுடும். தொடை இடுக்குல வட்டமா அரிச்சா படர்தாமரையா இருக்கலாம், மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் மட்டும் வாங்கிடாதீங்க, அரிப்பு அடங்கின மாதிரி இருந்து இன்னும் பரவும், ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டுங்க.

பொண்ணு இருந்தா அவளுக்கும் இதே பேச்சுதான். எங்கக்கா பொண்ண க்ளாஸ்ல மீசைன்னு கேலி பண்ணாங்கன்னு அக்கா கடலை மாவ போட்டு தேய்ச்ச தேய்ப்புல தோல் சிவந்ததுதான் மிச்சம். த்ரெட்டிங் பண்ணிக்கறதுல தப்பில்ல. தாடைலயும் தடிச்ச முடி வந்து, வயசுக்கு வந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியும் பீரியட்ஸ் தாறுமாறா இருந்தா டாக்டர பாக்கணும். பொண்ணுக்கு 8 வயசுக்கு முன்னாடி, பையனுக்கு 9க்கு முன்னாடி இதெல்லாம் ஆரம்பிச்சாலும் அப்படித்தான்.

ரேசர் அவனுக்குன்னு தனியா வாங்குங்க. அப்பாவோடத எடுக்க விடாதீங்க. முதல் தடவ அவங்கப்பாவ பக்கத்துல நிக்கச் சொல்லுங்க, பேப்பர புடுங்கி வெச்சுட்டு.