சின்னம்மை ஊசி விதி மாறிவிட்டதாமே? கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் குழந்தைகள் கிளினிக் ஒன்றில் ஊசி போடும் செவிலியர் நான். நான்கு வயதுக்குள் சின்னம்மை சேர்ந்த கூட்டு ஊசி வேண்டாம், தனியாகப் போடுங்கள் என்று 2025 செப்டம்பரில் இங்குள்ள தடுப்பூசி ஆலோசனைக் குழு சொன்னதை ஒட்டி வந்த கேள்விகள் இவை.

மூத்தவளுக்கு ஒரு வயதில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை நான்கும் ஒரே ஊசியில் போட்டார்கள். பயமாக இருக்கிறது அக்கா. (டெக்சாஸ்)

பயப்படாதீர்கள். முதல் டோஸைக் கூட்டு ஊசியாகப் போட்டால், சுமார் 2,300 முதல் 2,600 குழந்தைகளுக்கு ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்பு கூடுதலாக வருகிறது. வந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். உங்கள் மகள் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள். இது 2008லேயே தெரிந்த சங்கதி. பெரும்பாலான கிளினிக்குகள் முதல் டோஸை முன்பிருந்தே பிரித்துத்தான் போடுகின்றன.

அப்படியானால் சின்னம்மை ஊசி போடுகிறவர்கள் குறைய மாட்டார்களா?

குறையலாம், ஆனால் அது நடக்கும் விதம் வேறு. ஒரு தொடையில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்டதும் பிள்ளை வீறிட்டு அழும். "இன்னைக்கு இது போதும், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார் அப்பா. எம்எம்ஆர், சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமி ஊசிகள். ஒரே நாளில் போடாவிட்டால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். அந்த அடுத்த தடவை பல வீடுகளில் வருவதே இல்லை. எங்கள் பக்கத் தொல்லையும் உண்டு: சின்னம்மை மருந்தை மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே உறையவைக்க வேண்டும், கலக்கிய அரை மணிக்குள் போடாவிட்டால் குப்பைக்குத்தான். இதற்குப் பயந்தே சில சின்ன கிளினிக்குகள் வாங்கி வைப்பதில்லை.

பழைய கதையைப் பாருங்கள். ஊசி 1995இல் அனுமதி பெற்றது, மறு வருடமே பரிந்துரையும் வந்தது. ஆனாலும் 1997இல் சிறு குழந்தைகளில் கால்வாசிப் பேருக்குத்தான் போட்டிருந்தார்கள். பள்ளியில் சேர இந்த ஊசி கட்டாயம் என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்ட பிறகு, 2007 வாக்கில் 90 சதவீதத்தை எட்டியது. அதனால் குழு சொன்னதைவிட, பள்ளி விதி எங்கே தளர்கிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

இங்கே லண்டனில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள், அதுவும் கூட்டு ஊசியாக!

ஆமாம், 2026 ஜனவரியிலிருந்து. சிறுவர்களிடம் சின்னம்மை சுற்றிக்கொண்டிருந்தால்தான் பெரியவர்களுக்கு அக்கி (உடம்பில் தங்கிவிட்ட அதே கிருமி பின்னாளில் கிளப்பும் கொப்புளம்) வராது என்று அங்கே பல காலம் தயங்கினார்கள். அமெரிக்க அனுபவம் அந்தப் பயத்தைத் தணித்துவிட்டது. வலிப்பு ஆபத்து மிகச் சிறியது, ஊசி எண்ணிக்கை கூடாமல் இருப்பதே மேல் என்பது அவர்கள் கணக்கு. அதிலும் நியாயம் உண்டு.

மாமியார் மதுரையிலிருந்து, "வந்து போனால் நல்லது, வேப்பிலை போதும்" என்கிறார்.

ஊசி வருவதற்கு முன் அமெரிக்காவில் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் சின்னம்மையால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஊசி போடுங்கள். வேப்பிலையையும் கட்டட்டும், சண்டை வேண்டாம். ஆனால் யாருக்காவது அம்மை போட்டால் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது மூளையையும் கல்லீரலையும் தாக்கக்கூடும்.